பாலிசி பாதியில் இருக்கும்போது பெரிய காருக்கு மாறினால்: இன்சூரன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஆல்டோவையோ ஸ்விஃப்டையோ கொடுத்துவிட்டு க்ரெட்டா, இன்னோவா என்று மேலே போகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் புது வண்டியின் சாவி கைக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்வியை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியாவில் சொந்த உபயோகத்துக்கு ஓடும் கார்களைப் பற்றியது. டாக்ஸி, லாரி, டூவீலர் கணக்கு வேறு.

சார், பாலிசி இன்னும் ஆறு மாசம் இருக்கு. கார மாத்தினா அதே பாலிசி புது காருக்கும் ஓடுமா?

தானாக ஓடாது. பாலிசியை எடுத்துப் பாருங்கள்: பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றும் அதில் இருக்கும். அந்த வண்டிக்குத்தான் காப்பீடு. வண்டி கைமாறினால் பாலிசி வண்டியோடு போகும், உங்களோடு வராது.

உங்களோடு வருவது ஒன்றே ஒன்று: க்ளெய்ம் வாங்காமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, அதாவது என்சிபி. அது காருக்குக் கொடுத்ததல்ல, உங்களுக்குக் கொடுத்தது. கீழே வரும் பாதி பதில்கள் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

அப்போ எனக்கு என்னென்ன வழி இருக்கு?

மூன்று வழி உண்டு. முதலாவது வண்டி மாற்றம். இருக்கிற பாலிசியிலேயே பழைய காரை எடுத்துவிட்டு, மீதி நாட்களுக்குப் புதிய காரைச் சேர்ப்பது. பிரீமியம் வித்தியாசத்தை நாள் கணக்கில் கட்டினால் போதும். மோட்டார் இன்சூரன்ஸ் விதிப்புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒரே வகை வண்டியாக இருக்க வேண்டும் (சொந்தக் காருக்குச் சொந்தக் கார்). பழைய கார் முழுச் சேதமாகிப் போகவில்லையென்றால், அது வேறொரு பாலிசியில் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். பழைய வண்டி காப்பீடே இல்லாமல் ரோட்டில் ஓடக் கூடாது என்பதுதான் காரணம்.

இரண்டாவது, பழைய பாலிசியை வண்டி வாங்கியவருக்கே விட்டுவிட்டு, என்சிபிக்கு மட்டும் கடிதம் வாங்கிக்கொண்டு புது காருக்குப் புது பாலிசி போடுவது. மூன்றாவது, பழைய பாலிசியை ரத்து செய்து மீதிக் காலத்துப் பணத்தைத் திரும்ப வாங்குவது. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, கீழே சொல்கிறேன். நடைமுறையில் பலரும் போவது இரண்டாவது வழிதான். முதல் வழியைக் கேட்டால் பல கம்பெனிகளில் கவுன்டரில் இருப்பவரே முழிப்பார். விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

ஷோரூம்ல இருந்து புத்தம் புது கார் எடுக்கிறேன். பழைய பாலிசியையே மாத்திக்க முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்ட் பார்ட்டி (உங்கள் காரால் மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கானது), கட்டாயம். உங்கள் ஓராண்டு பாலிசியின் மீதி ஆறு மாதத்தில் அதை அடைக்க வழியில்லை. இந்த விதி வந்ததற்குப் பின்னால் இருப்பவர் நம்ம ஊர்க்காரர்தான். கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான் இந்த உத்தரவு வந்தது.

சொந்தச் சேதப் பகுதியை, அதாவது உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கான காப்பீட்டை, ஒரு வருடத்துக்குப் போட்டால் போதும். அதையும் சேர்த்து மூன்று வருடத்துக்கு விற்ற பாலிசிகளை 2020 ஆகஸ்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆக, புது கார் என்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது வழி. முதல் வழி பழைய கார் வாங்குகிறவர்களுக்கே பயன்படும்.

பவர் ஜாஸ்தியான கார்னா பிரீமியம் தாறுமாறா ஏறுமா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். நம் நாட்டில் இன்சூரன்ஸ் பார்ப்பது குதிரைத்திறனை அல்ல, சிசியை, அதாவது இன்ஜினின் கொள்ளளவை. பிரிட்டனில் நெடுங்காலமாகக் கார்களை 1 முதல் 50 வரை குழுவாகப் பிரித்து, வேகமான காருக்குப் பெரிய எண் கொடுத்து வந்தார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே அந்த முறை இல்லை.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே தொகைதான். 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த பட்டியல்படி ஒரு வருடத்துக்கு: 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், 1500-ஐத் தாண்டினால் 7,897 ரூபாய். புது காருக்கு மூன்று வருடமும் சேர்த்து முறையே 6,521, 10,640, 24,596. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். 998 சிசி வேகன்-ஆரின் குதிரைத்திறன் 67 பிஎஸ் அளவில். 998 சிசி டர்போ வென்யூவின் திறன் 120. தேர்ட் பார்ட்டி இரண்டுக்கும் ஒன்றே. 76 பிஎஸ் மட்டுமே உள்ள பொலேரோ 1493 சிசி என்பதால் அந்த டர்போ வென்யூவைவிட அதிகம் கட்டுகிறது. சாதா க்ரெட்டாவிலிருந்து 160 பிஎஸ் டர்போ க்ரெட்டாவுக்குப் போனாலும் இரண்டும் 1500-க்குள்தான், இந்தப் பகுதியில் ஒரு ரூபாய் கூட ஏறாது. ஸ்விஃப்டிலிருந்து இன்னோவா க்ரிஸ்டாவுக்கோ ஸ்கார்பியோ-என்னுக்கோ போனால்தான் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டும்.

அப்புறம் ஏன் கொட்டேஷன் மட்டும் இவ்வளவு ஜாஸ்தியா வருது?

காரின் மதிப்பு ஏறியதால். சொந்தச் சேதப் பிரீமியம் ஐடிவி என்ற மதிப்பின் மீது சதவீதமாக வரும். ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்தால் ஐடிவி. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதம் கழிப்பார்கள்.

சிசிக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. பழைய கட்டண அட்டவணையில், சென்னை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்கள் நீங்கலாக மற்ற ஊர்களில் பதிவான, ஐந்து வயதுக்குட்பட்ட காருக்கு 1000 சிசி வரை 3.039 சதவீதம், 1500 வரை 3.191, அதற்கு மேல் 3.351. வித்தியாசம் பெரிதல்ல. 2007 ஜனவரி முதல் இந்த விலையைக் கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்று ஆகிவிட்டதால், இதிலிருந்து பெரிய தள்ளுபடி கொடுத்துத்தான் விற்கிறார்கள். ஒரே காருக்கு இரண்டு கம்பெனி விலை கணிசமாக மாறும். அதனால் ஐடிவியை ஒன்றாக வைத்து மூன்று நான்கு இடத்தில் கேளுங்கள். ஐடிவியைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைத்த கொட்டேஷனை மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி திருட்டுப் போனால் அந்தக் குறைந்த மதிப்புதான் கைக்கு வரும்.

எலெக்ட்ரிக் காருக்கு சிசியே கிடையாதே?

அதற்கு மட்டும் உண்மையிலேயே பவரைப் பார்க்கிறார்கள். மோட்டாரின் கிலோவாட் கணக்கு. அதே 2022 பட்டியல்படி 30 கிலோவாட் வரை 1,780 ரூபாய், 65 வரை 2,904, அதற்கு மேல் 6,712. பெட்ரோல் கார் பட்டியலைவிட 15 சதவீதம் குறைவு. ஹைபிரிட் காருக்கு 7.5 சதவீதம் தள்ளுபடி.

பேட்டரியின் கிலோவாட்-ஹவர் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டியாகோ ஈவியில் 24 என்று சொல்வது பேட்டரி அளவு. மோட்டார் 55 கிலோவாட், அதனால் நடுப்பிரிவு. நெக்ஸான் ஈவிக்குப் போனால் மோட்டார் 65 கிலோவாட்டைத் தாண்டிவிடும், மூன்றாம் பிரிவு.

சரி, ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க. பாதியில மாத்தினா கையில இருந்து எவ்வளவு போகும்?

ஒருவர் ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டு பழைய இன்னோவா க்ரிஸ்டா வாங்குகிறார், வண்டி மாற்றம் என்ற முதல் வழியில் போகிறார் என்று வைப்போம். பாலிசியில் சரியாக ஆறு மாதம் மிச்சம். ஐடிவி 4 லட்சத்திலிருந்து 12 லட்சமாகிறது. கம்பெனி தள்ளுபடி போக சொந்தச் சேதம் 1 சதவீதம் என்று கொள்வோம் (கணக்குக்காக மட்டும்). என்சிபி 35 சதவீதம்.

பழைய காருக்குச் சொந்தச் சேதம் 4,000, என்சிபி போக 2,600. புதியதற்கு 12,000, என்சிபி போக 7,800. வருட வித்தியாசம் 5,200, ஆறு மாதத்துக்கு 2,600. தேர்ட் பார்ட்டி 3,416-லிருந்து 7,897, வித்தியாசம் 4,481, பாதி 2,240. இரண்டும் சேர்த்து 4,840. ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 5,700 ரூபாய். என்சிபி தேர்ட் பார்ட்டி தொகையைத் தொடாது என்பதைக் கவனியுங்கள். 50 சதவீத போனஸ் வைத்திருப்பவருக்கும் அந்த 7,897 அப்படியே நிற்கும்.

என்சிபிய புது காருக்கு எப்படி வாங்குறது? ஷோரூம்ல நாங்க பாத்துக்கறோம்னு சொல்றாங்க.

அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்தான், ஆனால் கடிதம் நீங்கள் கேட்டால்தான் வரும். பழைய காரை விற்றதற்கான ஆதாரம், அதாவது ஆர்டிஓவில் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 29, 30 நகல், டெலிவரி ரசீது, இருந்தால் பெயர் மாறிய ஆர்சி (பதிவுச் சான்று) நகல், இவற்றோடு பழைய கம்பெனிக்கு எழுதினால் என்சிபி கடிதம் தருவார்கள். அது மூன்று வருடம் செல்லும். வேறு கம்பெனியிலும் காட்டலாம். ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

படிகள் இவை: ஒரு வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50. மேலே போகும்போதுதான் இந்தக் கடிதத்துக்கு மதிப்பே கூடுகிறது. ஆல்டோவில் 4,000 ரூபாய் பிரீமியத்தில் 50 சதவீதம் என்றால் 2,000. அதே கடிதத்தைப் பெரிய காரின் 30,000 ரூபாய் சொந்தச் சேதப் பிரீமியத்தில் காட்டினால் 15,000. எக்ஸ்சேஞ்ச் போனஸுக்காக ஷோரூமில் ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்தக் காகிதத்தைக் கேட்காமல் விட்டுவிடுவது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

பாலிசி முடிய இன்னும் ஒன்றரை மாசம்தான். இப்பவே மாத்தலாமா, பொறுக்கலாமா?

பொறுக்க முடிந்தால் பொறுங்கள். என்சிபி முழுப் பன்னிரண்டு மாதம் முடிந்தால்தான் அடுத்த படிக்கு ஏறும். இப்போது 35-ல் இருக்கிறீர்கள், பத்தரை மாதம் க்ளெய்ம் இல்லை என்றாலும் கடிதத்தில் 35 என்றுதான் வரும். முடியும் வரை பொறுத்தால் 45. முன் பதிலில் சொன்ன 30,000 ரூபாய் பிரீமியத்தில் அது 3,000 ரூபாய்.

ஆனால் டீலர் விலை ஏறப்போகிறது, ஆடித் தள்ளுபடி முடிகிறது என்றால் அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்று: காரை இன்னும் விற்காத நிலையில், பாலிசி முடிந்த பிறகு 90 நாளுக்குள் புதுப்பிக்காமல் விட்டால் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும்.

இந்த வருஷம் ஒரு க்ளெய்ம் வாங்கிட்டேன். கார மாத்திட்டா அது மறைஞ்சிடுமா?

மறையாது. அந்தக் க்ளெய்மோடு உங்கள் போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. புது பாலிசி என்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வண்டி மாற்றம் செய்தால் இந்த வருடத்துக்குக் கொடுத்த தள்ளுபடி தொடரும், புதுப்பிக்கும்போது பூஜ்யம்.

ரத்து செய்து பணம் திரும்ப வாங்குவதிலும் இது இடிக்கும். 2024-ல் இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஓராண்டு பாலிசியை எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் ரத்து செய்து மீதி நாட்களுக்கான பணத்தை வாங்கலாம். க்ளெய்ம் எதுவும் வாங்கியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

பழைய கார வித்தாச்சு, வாங்கினவர் இன்னும் பேர் மாத்தல. நான் பாலிசிய கேன்சல் பண்ணி காசு வாங்கிடவா?

தயவுசெய்து வேண்டாம். முன்னால் ஆபத்து என்று சொன்னது இதைத்தான். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் கைக்குக் கை மாறிப் போயிருந்தது. ஆனாலும் விபத்துக்கான பொறுப்பு பதிவேட்டில் இருந்தவர் தலையில்தான் விழுந்தது. காரை விற்று, பாலிசியையும் ரத்து செய்து, பெயரும் மாறாமல் இருக்கும் நேரத்தில் அந்தக் கார் யாரையாவது மோதினால், லட்சக்கணக்கில் வரும் இழப்பீட்டை உங்களிடம்தான் கேட்பார்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: விற்பனையை 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் படிவம் 29 மூலம் தெரிவியுங்கள், ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் தன் பெயரில் ஆர்சியும் இன்சூரன்ஸும் மாற்றிய நகலை வாங்குங்கள். அதன் பிறகு ரத்து செய்வதைப் பற்றி யோசியுங்கள். அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் விற்றால் கொஞ்சம் நிம்மதி. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதியில், படிவம் 29சி மூலம் ஒப்படைத்த பிறகு அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். "எங்க ஆளு பாத்துக்குவாரு" என்று வாய்வார்த்தையில் வண்டியை எடுத்துப் போகும் புரோக்கருக்கு இது பொருந்தாது.

செகண்ட்ஸ்ல பெரிய வண்டி வாங்கினேன். வித்தவரோட ஃபுல் இன்சூரன்ஸ் எட்டு மாசம் இருக்கு. அது போதாதா?

பாதிதான் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவின்படி வண்டி கைமாறும்போது பாலிசியும் மாறியதாகக் கருதப்படும். ஆனால் அது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. அதாவது நீங்கள் யாரையாவது இடித்தால் காப்பீடு உண்டு. உங்கள் இன்னோவாவின் முன்பக்கம் நொறுங்கினால் ஒரு ரூபாயும் வராது, பாலிசி உங்கள் பெயருக்கு மாறும் வரை. ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டிய பாலிசி வண்டியின் டேஷ்போர்டிலேயே இருக்கும், உதவாது.

வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றுங்கள். அப்போது விற்றவரின் என்சிபியை மீதி நாட்களுக்குக் கணக்கிட்டு உங்களிடம் வசூலிப்பார்கள். அது அவருக்குக் கொடுத்த தள்ளுபடி என்பதால். உங்களுக்குச் சொந்தமாக என்சிபி கடிதம் இருந்தால், அவருடைய பாலிசியைப் பெயர் மாற்றுவதா, உங்கள் போனஸோடு புது பாலிசி போடுவதா என்று இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 50 சதவீதக்காரருக்குப் புது பாலிசியே பல நேரம் லாபம்.

வண்டிய இன்னிக்கு எடுக்கிறேன். பாலிசி நாளைக்கு மெயில்ல வருமாம். ஓட்டிட்டுப் போகலாமா?

பாலிசியில் தொடக்க நேரம் அச்சாகியிருக்கும், அந்த நிமிடத்திலிருந்துதான் காப்பீடு. மெயில் வரவில்லை என்றாலும் பாலிசி எண்ணும் தொடக்க நேரமும் கைபேசியில் வந்துவிட்டால் சரி. இல்லையென்றால் சாவியை வாங்காதீர்கள், நல்ல நேரம் தாண்டினாலும் பரவாயில்லை. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி என்றால் 4,000, மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு.

பழைய ஸ்விஃப்ட் வீட்டுலயே இருக்கட்டும்னு வெச்சுட்டேன். என்சிபி ரெண்டு காருக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு போனஸ் ஒரு காருக்கு. ஸ்விஃப்ட் உங்கள் பெயரில் ஓடும் வரை போனஸ் அதில்தான் இருக்கும், பெரிய கார் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் கடிதத்துக்கு விற்றதற்கான ஆதாரம் கேட்கிறார்கள்.

கார் அப்பா பேர்ல. புது கார் என் பேர்ல. அவரோட போனஸ் எனக்கு வருமா?

அப்பா இருக்கும்போது வராது. அவர் காலமாகி, கார் வாரிசாக உங்களுக்கு வந்தால் மட்டும் போனஸும் சேர்ந்து வரும். புது காரை அப்பா பெயரிலேயே எடுத்தால் அவருடைய போனஸ் ஓடும். ஆனால் இன்சூரன்ஸ் தள்ளுபடிக்காக யார் பெயரில் கார் வாங்குவது என்று முடிவு செய்யாதீர்கள். கடன், வாரிசு என்று பெரிய விஷயங்கள் அதில் இருக்கின்றன. பைக்கில் சேர்த்த போனஸைக் காருக்கு மாற்றவும் முடியாது.

சிங்கப்பூர்ல பத்து வருஷம் க்ளெய்ம் இல்லாம ஓட்டினேன். ஊருக்கு வந்து ஃபார்ச்சூனர் வாங்கறேன். அது செல்லுமா?

செல்லும். வெளிநாட்டுப் பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே பாலிசி போட்டால் அந்தப் போனஸைக் கணக்கில் எடுக்கலாம் என்று நம் விதிகளில் இருக்கிறது. அங்குள்ள கம்பெனியின் கடிதம் அசலாக வேண்டும். அங்கே எத்தனை சதவீதம் இருந்தாலும் இங்கே உச்சம் 50 தான்.

அண்ணா, கார மாத்தல. ரீமேப் பண்ணி பவர் ஏத்தினேன். சிசி மாறலையே, சொல்லணுமா?

சொல்ல வேண்டும். ரீமேப் என்பது இன்ஜினின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றிப் பவரைக் கூட்டுவது. சிசி மாறாததால் தேர்ட் பார்ட்டி பிரீமியம் மாறாது, அது சரி. ஆனால் கம்பெனி ஏற்றுக்கொண்டது தொழிற்சாலையிலிருந்து வந்த காரை. மாற்றத்தை மறைத்தால், பெரிய விபத்தில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைக் கண்டுபிடிக்கும்போது உங்கள் காருக்கான க்ளெய்ம் மறுக்கப்படக் காரணம் கிடைத்துவிடும். எழுதிக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், அதுவும் விபத்துக்கு முன்னால் தெரிந்தது நல்லதுதானே.

இன்ஜினையே மாற்றுவது வேறு கதை. ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாமல் செய்யவே கூடாது. சிஎன்ஜி கிட்டும் அப்படித்தான்: முதலில் ஆர்சி, பிறகு பாலிசி. கிட் மதிப்பில் 4 சதவீதமும், தேர்ட் பார்ட்டிக்கு 60 ரூபாயும் கூடுதலாக வருவது பழைய அட்டவணைக் கணக்கு.

பழைய பாலிசியில பம்பர் டு பம்பர் இருந்துச்சு. அதுவும் கூட வருமா?

தானாக வராது. பம்பர் டு பம்பர் என்கிற ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காமல் பாகத்துக்குப் பணம் தருவது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (முழுச் சேதமானால் வாங்கிய பில் விலையைத் தருவது) எல்லாம் காரின் வயதைப் பார்த்துத் தருவது. பழைய பெரிய கார் வாங்குகிறவருக்குச் சில கிடைக்காமலும் போகலாம். சென்னையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் விடாமல் சொல்வது இன்ஜினுக்கான கூடுதல் காப்பீடான இன்ஜின் ப்ரொடெக்ட். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. சாதாரணப் பாலிசியில் அந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். பெரிய டீசல் இன்ஜினின் விலை உங்கள் பழைய காரையே வாங்கிவிடும்.

சின்ன விஷயம் இரண்டு. ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய தொகை 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கனவே தனியாக இருந்தால், புது காரில் இன்னொரு முறை காசு கட்ட வேண்டாம். டீலர் பில்லில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

போன வருஷம் சின்ன க்ளெய்ம்தான். என்சிபி இருக்குன்னு டிக் பண்ணிட்டா கண்டுபிடிப்பாங்களா?

கண்டுபிடிப்பார்கள். பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்வது வழக்கம். ஆன்லைனில் போடும்போது அந்தக் கட்டத்தைச் சிலர் கவனிக்காமலே டிக் செய்துவிடுகிறார்கள். தவறு தெரிந்தால் உடனே எழுதி, வித்தியாசத்தைக் கட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் க்ளெய்ம் நேரத்தில் தொகையைக் குறைப்பார்கள், அல்லது மறுத்தே விடுவார்கள்.

எல்லாம் எழுதிக் கொடுத்தும் கம்பெனி இழுத்தடிக்குது. யார்கிட்ட போறது?

முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். பதிவு எண், பழைய பாலிசி எண், நீங்கள் முதலில் எழுதிய தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். சரிப்படவில்லையென்றால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் பேசலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.